இரத்த அழுத்தம் குறைந்தது திட்டத்தாலா?

கேள்வி: நான் சமூக மருத்துவ முதுநிலை மாணவி. வீடு தேடிச் சென்று மருந்து தரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பயனாளிகளின் பதிவேட்டை ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தேன். சேர்ந்த நாளைவிட ஓராண்டு கழித்துச் சராசரி இரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது. திட்டம் பலன் தந்தது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: இந்தத் தரவை மட்டும் வைத்து எழுதாதீர்கள். பெரும்பாலும் அளவு 140/90-ஐ எட்டிய பிறகே ஒருவர் இரத்த அழுத்த நோயாளியாகப் பட்டியலில் சேர்கிறார். இரத்த அழுத்தம் நாளுக்கு நாள் ஏறி இறங்குவது. ஏறியிருந்த நாளில் பிடித்தவர்களைப் பிறகு அளந்தால், மாத்திரையே தராவிட்டாலும் சராசரி சற்று இறங்கும்.

இன்னொரு சிக்கல், தொடங்கிய காலம். திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று, கொரோனா இரண்டாம் அலை தணிந்த கையோடு தொடங்கியது. ஊரடங்கு மாதங்களோடு ஒப்பிட்டால் எந்தத் திட்டமும் நல்ல பெயர் வாங்கிவிடும். 2019-இன் பதிவுகளையும் கட்டாயம் சேருங்கள்.

திட்டம் படிப்படியாகத்தான் விரிந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் தொடங்கிய மாதத்தைக் குறித்து, முன்னும் பின்னும் குறைந்தது 12 மாதங்களுக்கு மாதவாரி வரிசை போடுங்கள். வெயில் காலத்தில் அழுத்தம் இயல்பாகவே குறையும் என்பதால் முழு ஆண்டு தேவை. சராசரியை விட, 140/90-க்குக் கீழ் இருப்போர் விகிதத்தைக் கணக்கிடுங்கள். வராமல் போனவர்களை வகுக்கும் எண்ணிலிருந்து நீக்காதீர்கள். ஆய்வுகள் எளிதில் வழுக்கும் இடம் இதுதான். மாத்திரை இப்போது வீட்டுக்கே போவதால், நிலையப் பதிவேட்டோடு சுகாதாரத் தன்னார்வலரின் பதிவேட்டையும் இணைத்து, இருமுறை பதிவானவர்களைக் கழிக்க வேண்டும். கடைசி இலக்கத்தையும் பாருங்கள்: டிஜிட்டல் கருவியில் பூஜ்ஜியம் ஏறத்தாழ 10 சதவீதம்தான் வர வேண்டும். பாதிக்கு மேல் வந்தால், அளவைத் தோராயமாக எழுதியிருக்கிறார்கள்.

வீடு வீடாக அளப்பதானால் ஒரே ஊரில் குவியாதீர்கள். ஒரே ஊர்க்காரர்களின் அளவுகள் ஓரளவு ஒத்திருப்பதால், அதிகம் பேரை அளக்க வேண்டிவரும். ஊர் பாராமல் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால் 400 பேர் தேவை, ஊருக்குள் இந்த ஒற்றுமையின் அளவு (0 முதல் 1 வரை) 0.05 என்று கொள்வோம். ஊருக்கு 20 பேர் எடுத்தால் பெருக்கவேண்டிய காரணி 1 + 19 × 0.05 = 1.95, 780 பேர், 39 ஊர்கள். ஊருக்கு 40 பேர் எடுத்தால் 1,180 பேர் தேவைப்படும், ஊர்களோ 30-க்குக் குறையாது.

இவ்வளவுக்கு நேரமில்லை என்றால் கேள்வியைச் சுருக்குங்கள்: பதிவானவர்களில் எத்தனை பேருக்கு ஓராண்டு முழுக்க மாத்திரை இடைவெளியின்றிக் கிடைத்தது? உங்கள் கையிலுள்ள பதிவேட்டோடு தன்னார்வலரின் பதிவேட்டையும் சேர்த்தால் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லலாம்.