வெளிநாட்டுத் தன்னார்வலர் திட்டத்தோடு சபை வைத்திருக்கும் கூட்டு பயனுள்ளதா என்று எப்படி மதிப்பிடுவது?

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்மாவட்டத்துச் சேகரம் (பல கிறிஸ்தவ சபைகள் சேர்ந்த வட்டாரம்) ஒன்றின் கமிட்டி உறுப்பினர். எங்கள் சேகரத்தின் பள்ளிப் பிள்ளைகள் விடுதிக்கு ஆறு ஆண்டுகளாக ஜெர்மன் பிள்ளைகள் வந்து தங்கி வேலை செய்தார்கள். தொடரலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்ல மூன்று பேரைப் போட்டார்கள். அதில் நானும் ஒருவன்.

பணக் கணக்கு சீக்கிரம் முடிந்துவிட்டது. எங்களிடம் வந்தவர்கள் எல்லாம் 'வெல்ட்வெர்ட்ஸ்' திட்டத்துப் பிள்ளைகள். ஜெர்மன் அரசு 2008-இல் தொடங்கியது. 18 முதல் 28 வயது வரை சேரலாம். செலவில் 75 சதவீதம் வரை அரசு தருகிறது, மீதி அனுப்புகிற அமைப்பின் பாடு. எங்களுக்கு ஆனது ஓர் அறையும் மூன்று வேளைச் சாப்பாடும்தான். வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்கியிருப்பதைத் தெரிவிக்கும் 'சி' படிவம், 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு என்கிற அலைச்சல் மட்டும் வார்டன் தலையில் விழுந்தது.

அப்புறம் தன்னார்வலர்கள் எழுதிக் கொடுத்த அறிக்கைகளைப் படித்தோம். சபையின் பொது விருந்தான அசனப் பண்டிகையில் சேலை கட்டிப் பரிமாறிய படங்கள், "என் வாழ்க்கையை மாற்றிய வருடம்" என்ற வரிகள். நல்லதுதான். ஆனால் நாங்கள் பார்க்கப் போனது அவர்கள் வாழ்க்கையை அல்லவே!

விஷயம் கிடைத்தது சம்பளப் பதிவேட்டில். இரண்டாம் ஆண்டிலிருந்து மாலை டியூஷன் டீச்சரின் பெயரைக் காணோம். நிறுத்துவதாகக் கமிட்டியில் தீர்மானமே இல்லை. "அதான் வெள்ளைக்கார அக்கா சாயங்காலம் சொல்லிக் கொடுக்காங்களே" என்று ஒரு மாதம் நிறுத்தியது அப்படியே நின்றுவிட்டது. சம்பளத்துக்கு ஆள் இருக்கிற வேலையில் தன்னார்வலரை வைக்கக் கூடாது என்பது அந்தத் திட்டத்தின் விதி. தப்பு எங்களுடையது. தமிழ் தெரியாத 19 வயதுப் பெண் எட்டாம் வகுப்புக் கணக்கை எப்படி நடத்துவாள்? பாட்டும் விளையாட்டும் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் பேசும் கூச்சம் போனது நிஜம். கணக்கு மதிப்பெண் சரிந்ததும் நிஜம்.

விடுதிப் பிள்ளைகளிடமும் கேட்டோம், வார்டனை வெளியே அனுப்பிவிட்டு. இதை நீங்களும் கட்டாயம் செய்யுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் அக்காவின் பெயரைக் கேட்டேன். "எந்த அக்கா தாத்தா? இந்த வருஷத்து அக்காவா?" என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். நாலாவது விரலில் பெயர் நினைவுக்கு வரவில்லை. "அவங்க எப்படியும் போயிருவாங்கல்லா" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். செப்டம்பரில் வருவார்கள், மறு ஆகஸ்டில் கிளம்புவார்கள். நம் பள்ளி ஜூனில் திறக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் பாதிப் படிப்பில் ஒரு பிரிவு.

இன்னொன்று. 2013 முதல் நம் ஊர் இளைஞர்களும் அங்கே போய்ச் சேவை செய்ய அந்தத் திட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆறு ஆண்டில் எங்கள் வாலிபர் சங்கத்திலிருந்து ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. சுற்றறிக்கை வந்திருக்கிறது, ஃபைலில் கிடந்தது. வருகிறவர்களை மட்டும் எண்ணிக்கொண்டு அதைக் கூட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

தொடரலாம் என்றே எழுதிக் கொடுத்தோம், மூன்று நிபந்தனைகளோடு. டியூஷன் டீச்சரைத் திரும்ப வைக்க வேண்டும். வருகிற பிள்ளை அவருக்கு உதவியாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு வாலிபரையாவது விண்ணப்பிக்கச் செய்ய வேண்டும். முதல் இரண்டுக்கும் கமிட்டி கைதூக்கியது. மூன்றாவதற்கு, வழக்கம்போல, "பார்க்கலாம்."

டீச்சர் ஜூனில் வந்துவிட்டார். செப்டம்பரில் அடுத்த பிள்ளை வருகிறாள் என்று சொன்னேன். "வரட்டும் சார். ஆனா ஆறு மணிக்கு மேல என் கிளாஸ்ல பாட்டு வேண்டாம்" என்றார்.