வலையை அறுத்த பிறகுதான் உடும்புக்கு ஆபத்து

கேள்வி: காரிமங்கலம் பக்கத்தில் எங்கள் கடலைக்காய்க் கொல்லையைச் சுற்றி, மயிலுக்காகப் பழைய மீன் வலை கட்டியிருக்கிறோம். இன்று மதியம் அதில் பெரிய உடும்பு ஒன்று சிக்கிக் கிடந்தது. வலையை அறுத்துவிட்டோம். ஆனால் அது ஓடவில்லை, படுத்தே கிடக்கிறது. இடுப்பைச் சுற்றி நூல் பதிந்த தடம் தெரிகிறது. மஞ்சள் தடவலாமா, தண்ணீர் புகட்டலாமா? முதுகுவலிக்குக் கறி நல்லது என்று ஒருவர் கேட்கிறார். இனிமேல் இப்படிச் சிக்காமலிருக்க என்ன செய்வது?

பதில்: ஓடவில்லை என்றதும் செத்துப்போகும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வலையில் மணிக்கணக்கில் திமிறிய உடும்பின் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்ந்திருக்கும். ஊர்வனவற்றுக்கு அது வடிந்து தெளிய நமக்கு ஆவதைவிட வெகு நேரம் பிடிக்கும். அதோடு வெயில். உடும்புக்கு வியர்க்காது; சூடு ஏறினால் நிழலுக்கு ஓடுவதுதான் அதற்கு முக்கிய வழி. வலை அந்த வழியை அடைத்துவிட்டது. எனவே உடனே நிழலுக்கு மாற்றுங்கள். கண்ணை மறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும் என்பதால், தடித்த சாக்கைத் தலைப் பக்கமிருந்து போர்த்தி, ஒரு கையால் கழுத்தையும் மறு கையால் வால் தொடங்கும் இடத்தையும் பிடித்துத் தூக்குங்கள். வாலால் அடிக்கும், நகத்தால் கீறும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். உடும்புக் கடியால் விஷம் ஏறிச் சாவார்கள் என்ற பயம் வேண்டாம்.

இரண்டு தக்காளி கிரேட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்துக் கட்டி, மேலே சாக்கைப் போட்டு மூடினால் இருட்டும் கிடைக்கும், காற்றும் கிடைக்கும். உடம்பு கொதித்தால் சாக்கை நனைக்கலாம். ஐஸ் தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடு தணிந்ததும் ஈரச் சாக்கை எடுத்துவிடுங்கள், ஏனென்றால் உடம்பு குளிர்ந்தால் அதன் நோய் எதிர்ப்பு வேலையும் மந்தமாகிவிடும்.

தண்ணீர் புகட்டவே வேண்டாம். உடும்பின் மூச்சுக்குழல் வாய் வாயின் அடித்தளத்தில் முன்பக்கமாக இருக்கிறது. நாம் ஊற்றும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். தலையைத் தானே தூக்கும் நிலைக்கு வந்த பிறகு, ஆழமில்லாத தட்டில் கொஞ்சம் வையுங்கள், அது போதும். முட்டை, கறி எதுவும் இன்று தேவையில்லை.

அடுத்து அந்தத் தடத்துக்கு வருவோம். இதைத்தான் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். நரம்பு வலையின், அதாவது ஒற்றை நைலான் இழையால் பின்னிய மீன் வலையின், நூல் செதில்களுக்கு நடுவே இறங்கினால், இரு பக்கமும் சதை வீங்கி அதை மூடிக்கொள்ளும். மேலே பார்த்தால் வெறும் கோடு போலத்தான் தெரியும், உள்ளே நூல் இறுகிக்கொண்டே இருக்கும். அக்குள், தொடை இடுக்கு, விரல்களின் அடி, மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மேலாகத் தெரியும் நூலை முனை மழுங்கிய கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டுங்கள். இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். புதைந்துபோன நூலை மருத்துவர் எடுக்கட்டும். நூலை எடுத்த பிறகும், இரத்த ஓட்டம் நின்றிருந்த சதை சில நாள் கழித்துத்தான் கறுத்து அழுகத் தொடங்கும். ஊர்வனவற்றின் சீழ் நம்முடையதைப் போல நீர்த்து வடியாது. பாலாடைக்கட்டி மாதிரி கெட்டியாக உள்ளேயே உறைந்துவிடும். மேலே பூசும் மஞ்சளோ வேப்பெண்ணெயோ அங்கே எட்டாது. பல நேரம் கீறித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதனால் கொஞ்சம் தெம்பு வந்ததும் அவிழ்த்து விடுவதை நான் ஏற்க மாட்டேன். புதரில் போய் மறைந்தபின் பத்து நாளில் அது செத்தாலும் உங்களுக்குத் தெரியவராது.

வனச்சரக அலுவலகத்துக்கு இப்போதே சொல்லுங்கள். அவர்கள் மூலம் கால்நடை மருத்துவரிடம் போகட்டும். காயம் ஆழமென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் வைத்து வளர்க்கவும் கூடாது.

கறி கேட்பவருக்கு ஒரே பதில், இல்லை. அந்தக் கறியோ எண்ணெயோ முதுகுவலியைத் தீர்க்கும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது, சால்மோனெல்லா கிருமி ஒட்டும் வாய்ப்பு உண்டு. உடும்பு 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, அபராதமும் சேரும். கோழிக் குஞ்சையும் முட்டையையும் அது தூக்கும், உண்மைதான். ஆனால் கடலைக்காய்க்கு எதிரியான வேர்ப்புழு, வண்டு, எலிக் குஞ்சு எல்லாம் அதற்குத் தீனி. பெட்டை உடும்பு மழைக்காலத்தை ஒட்டி மண்ணிலோ கரையான் புற்றிலோ குழி தோண்டி இருபது, முப்பது முட்டை வரை இடும். அவை பொரிய மாதக்கணக்கில் ஆகும். வளர்ந்த பெட்டை ஒன்று போனால் அந்த இழப்பு ஈடாக வருஷங்கள் பிடிக்கும்.

வலைக்கு வருவோம். மயிலைத் தடுப்பது வலையின் மேல்பகுதி. ஊர்வனவற்றைக் கொல்வது தரையில் தொய்ந்து குவிந்து கிடக்கும் அடிப்பகுதி. செதில்கள் பின்நோக்கிச் சாய்ந்திருப்பதால் கண்ணிக்குள் நுழைந்த பாம்பால் பின்வாங்க முடியாது, முன்னே போகப் போக இறுகும். எனவே அடியிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வலையே வேண்டாம், பழைய சேலையை இழுத்துக் கட்டுங்கள். பன்றிக்காக நம் பக்கம் பலர் ஏற்கனவே சேலை கட்டுகிறார்கள், புதுச் செலவில்லை. மேலே வலையைத் தொய்வில்லாமல் விறைப்பாகக் கட்டுங்கள். வாங்குவதாக இருந்தால் நரம்பு வலையைத் தவிர்த்து, கண்ணில் படும் நிறத்தில் தடித்த நூல் வலையாக வாங்குங்கள்.

விடிந்ததும் ஒரு சுற்று வந்தால் இரவில் சிக்கிய பாம்பு தெரியும். முற்பகலில் இன்னொரு சுற்று உடும்புக்காக. பாம்பு சிக்கியிருந்தால் எந்தப் பாம்பானாலும் நீங்கள் கை வைக்காதீர்கள். நீளமான கழியால் ஒரு தென்னை மட்டையைத் தள்ளி நிழல் கொடுத்துவிட்டு, நாயையும் பிள்ளைகளையும் விலக்கி வைத்து, வனத்துறைக்கோ தீயணைப்புத் துறையின் 101-க்கோ கூப்பிடுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் 108.

அப்புறம், கடலைக்காய் பிடுங்கிய அன்றே வலையைச் சுருட்டிச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வரப்போரம் போட்டுவைத்தால், பயிரில்லாத மாதங்களிலும் அது சிக்கவைத்துக்கொண்டுதான் இருக்கும்.