ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்தப் பெட்ரோல் சரி?

நாகர்கோவில் பங்க்கில் சாதா பெட்ரோல் பக்கத்திலேயே எக்ஸ்பி95 என்ற விலை கூடிய பெட்ரோலும் கிடைக்கும். அந்த எண்தான் ஆக்டேன்: அழுத்தத்தில் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. காய்ந்த ஓலை சட்டெனப் பற்றும், பச்சை ஓலை பொறுக்கும். ஆக்டேன் கூடியது பச்சை ஓலை.

பல ஸ்போர்ட்ஸ் கார்களில் இருக்கும் டர்போ எஞ்சின் காற்றையும் பெட்ரோலையும் அதிகமாக நெரிக்கும், சூடேறும். ஆக்டேன் போதாவிட்டால், பிளக் மூட்டிய தீ பரவுமுன் மீதிக் கலவை தானாக வெடிக்கும். பேச்சிப்பாறை ஏற்றத்தில் மேல் கியரிலேயே மிதித்தால் சில கார்களில் ‘டக்டக்’ கேட்குமே, அதுதான். நாள்பட்டால் பிஸ்டனுக்குக் கேடு.

பெட்ரோல் மூடியின் உட்புறத்தையோ கையேட்டையோ பாருங்கள். 95 கேட்டால் 95 போடுங்கள். அப்புறம், விலை கூடிய பெட்ரோலுக்கு இழுவை கூடும் என்பது சும்மா பேச்சு: 91 போதுமென்று அமைத்த எஞ்சினில் 100 ஊற்றினாலும் பில்தான் ஏறும்.