படம் அப்புறம், முதலில் டேப் பிடிக்கட்டும்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார்: "என் மகள் பிளஸ் 2 வணிகவியல் பிரிவில் முடித்திருக்கிறாள். இன்டீரியர் டிசைன்தான் படிப்பேன் என்கிறாள். ஆனால் அவளுக்குப் படம் அவ்வளவாக வராது. கும்பகோணத்தில் ஒரு பயிற்சி மையத்தில் 6 மாத டிப்ளமோ, 1,40,000 ரூபாய், 100 சதவீதம் வேலை உறுதி என்றார்கள். அங்கே இடம் பிடித்து வைக்க 10,000 கட்டிவிட்டோம். துபாயில் இருக்கும் என் தம்பி, படித்து முடித்ததும் அங்கே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்கிறான். இந்த வேலைக்கு உண்மையில் என்ன திறமை வேண்டும்? படம் வராத பிள்ளை தேறுவாளா?"

தேறுவாள் அம்மா. மீதி 1,30,000 ரூபாயைக் கட்டாமல் இருந்தால் இன்னும் நன்றாகவே தேறுவாள்.

தஞ்சாவூரில் 20 வருடத்துக்கு மேலாக இந்த வேலை பார்க்கிறேன். எனக்கும் மயில் வரைந்தால் கோழி மாதிரிதான் வரும். இந்தத் தொழிலில் கைப்படம் எங்கே தேவைப்படுகிறது என்றால், வெட்டிப்போட்ட ப்ளைவுட் துண்டில் பென்சிலால் கிறுக்கி "இந்தத் தட்டு இங்கே வரணும்" என்று ஆசாரிக்குக் காட்டுகிற இடத்தில். அந்த அளவு படம் யாருக்கும் மூன்று மாதத்தில் வந்துவிடும். வராமல் போகிறது வேறொன்று: அளவெடுப்பது. 12 வருடம் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் என்னிடம் வேலைக்கு வருகிறார்கள். டேப்பைக் கையில் கொடுத்தால் அங்குலத்துக்கு நடுவில் இருக்கிற கோடுகள் என்ன என்று கேட்கிறார்கள். முக்கோணவியல் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பீரியட் கிடைக்கவில்லை.

நம் ஊரில் கொத்தனார் அடியில் பேசுவார். ஆசாரி அங்குலத்திலும் நூலிலும் பேசுவார். 8 நூல் ஓர் அங்குலம். கீல், இழுப்பறைச் சேனல் வருகிற பெட்டியில் மில்லிமீட்டர் போட்டிருக்கும், கம்ப்யூட்டரிலும் அதே மில்லிமீட்டர்தான். ஒரு நூல் என்பது 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இந்த மூன்று பாஷைக்கும் நடுவில் தடுமாறாமல் மாற்றிச் சொல்கிறவர்தான் டிசைனர். ஆசாரி "ஆறு நூல் பலகை" என்றால் 18, 19 மில்லிமீட்டர் ப்ளை என்று உடனே புரிய வேண்டும்.

அடுத்தது சுவர். டெல்டாவில் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் அறை சதுரமாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 9 அடிக்கு 12 அடி அறை என்றால் மூலைக்கு மூலை குறுக்கே பிடித்தால் இரண்டு பக்கமும் சரியாக 15 அடி வர வேண்டும். ஒன்று 15, இன்னொன்று 14 அடி 10 அங்குலம் என்று வந்தால் அந்த அறை கோணல். அதைக் கவனிக்காமல் செய்த கபோர்டு சுவருக்கும் பலகைக்கும் நடுவில் பல்லி குடியிருக்க இடம் விட்டு நிற்கும்.

இப்போது கணக்கு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், உங்கள் பணத்துக்கும் உதவும். 6 அடி அகலம், 7 அடி உயரம், 2 அடி ஆழத்தில் ஒரு துணி அலமாரி. பக்கப் பலகை இரண்டு, நடுத் தடுப்பு ஒன்று, மேலும் கீழும் இரண்டு, 3 அடித் தட்டு மூன்று, ஒன்றரை அடிக் கதவு நான்கு. பரப்பைக் கூட்டினால் 126 சதுர அடி. ஒரு ஷீட் 8க்கு 4, அதாவது 32 சதுர அடி. வகுத்துப் பார்த்தால் 4 ஷீட் போதும்போலத் தெரியும். ஆனால் வெட்டிப் பார்த்தால் 5 வேண்டும். காரணம், ஒன்றரை அடிக் கதவை 4 அடிப் பலகையில் இரண்டுதான் எடுக்க முடியும், மிச்சம் ஓரடிப் பட்டை வீணாகக் கிடக்கும். ரம்பம் போகிற பாதைக்கும் ஒரு நூல் போய்விடும். எந்தத் துண்டை எந்த ஷீட்டில் வெட்டுவது என்று காகிதத்தில் கட்டம் போட்டுப் பார்க்கத் தெரிந்த பிள்ளை 5 என்று சொல்லும். தெரியாதவரிடம் 7 ஷீட் கேட்பார்கள். மிச்சம் 2 ஷீட் வேறு வீட்டில் கட்டிலாகும். வணிகவியல் படித்த பிள்ளை என்றீர்களே, இந்த இடத்தில் அவள் ஓவியம் படித்தவளைவிட ஒரு படி மேல்.

பொருள் அறிவு மூன்றாவது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் வெண்ணாற்றங்கரையில் ஒரு வீட்டுச் சமையலறைக்குச் சாதாரண ப்ளையில் அலமாரி செய்து, ஈரச் சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். இரண்டாவது ஐப்பசி மழையில் அடிப்பலகை அப்பமாக உப்பிவிட்டது. என் கைக்காசைப் போட்டு மாற்றினேன். நம் பக்கம் நிலத்தடி நீர் மேலே, மண்ணில் ஈரம், கரையான் வேறு. தரையிலிருந்து 4 அங்குலம் தூக்கிக் கால் வைக்க வேண்டும், சுவருக்கும் பலகைக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும், தண்ணீர் படுகிற இடத்துக்கு மரைன் ப்ளை வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் உப்புக் காற்றில் சாதாரணக் கீல் துருப்பிடித்துவிடும். சென்னையில் அச்சடித்த பாடப்புத்தகத்தில் இது இருக்காது. ஊர் ஆசாரிக்குத் தெரியும்.

மரைன் என்றதும் ஒரு எச்சரிக்கை. அதற்கான இந்தியத் தர எண் 710. அந்தப் பலகையின் மாதிரியை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். ஆனால் 710 என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்த எவராலும் முடியும். ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கி ஒரு உரிம எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற அரசு செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம், எந்தப் பொருளுக்கு, இன்னும் செல்லுமா என்று காட்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். கடையிலிருந்து ஆசாரிக்கும் மேஸ்திரிக்கும் கமிஷன் போவது ஊரறிந்த விஷயம். டிசைனருக்கும் போகும். அதை வாங்குவதா, வாங்கினால் வீட்டுக்காரரிடம் சொல்வதா என்று முதல் வேலையிலேயே உங்கள் பெண் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

நான்காவது, காது. சமையலறை செய்யச் சொல்வது அப்பா, அதில் நிற்கப்போவது அம்மா. அந்த அம்மாவிடம் கிரைண்டரை எங்கே வைப்பீர்கள், அரிசி மூட்டை எங்கே, அரிவாள்மணையில் உட்கார்ந்து நறுக்குவீர்களா நின்று நறுக்குவீர்களா என்று கேட்காத டிசைனர்கள்தான் நிறைய. மேடை உயரம் 34 அங்குலம் என்று புத்தகம் சொல்லும். ஐந்தடிக்கும் குறைவான பாட்டி சமைக்கிற வீட்டில் 32 வைப்பதுதான் புத்தி. வாஸ்துவை நம்புகிறாயா என்று உங்கள் பெண்ணை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அக்னி மூலை எது, ஈசானியம் எது என்று தெரியாமல் நம் ஊரில் ஒரு அடுப்பு மேடைகூடப் போட முடியாது. சுவரை இடிக்கச் சொன்னால் மட்டும் இன்ஜினியரைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. பழைய வீடுகளில் பாரத்தைத் தாங்குவதே சுவர்தான்.

கம்ப்யூட்டர் கடைசியில்தான் வருகிறது. பயிற்சி மையம் 1,40,000 ரூபாய்க்கு விற்பது பெரும்பாலும் இதைத்தான். அளவுப் படம் போடுகிற ஆட்டோகேட் மென்பொருளை, முறையான கல்லூரியில் படிக்கிற மாணவர்களுக்கு அதன் நிறுவனமே ஓராண்டு இலவசமாகத் தருகிறது, ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம். முப்பரிமாணப் படம் போடுகிற ஸ்கெட்ச்அப்பில் இணையத்திலேயே ஓடும் இலவச வடிவம் உண்டு. சொல்லிக்கொடுக்கத் தமிழிலேயே யூடியூப் நிறைய. "சாஃப்ட்வேர் லைசென்ஸ் கட்டணம்" என்று ரசீதில் ஒரு வரி இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள்.

அந்த மையத்தின் சுவரில் ஐஎஸ்ஓ 9001 என்று மாட்டியிருப்பார்களே, அது அலுவலக நடைமுறைக்குக் கிடைக்கிற சான்று. படிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. "அரசு பதிவு பெற்றது" என்பது பெரும்பாலும் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவாக இருக்கும். அதை யாரும் வீட்டில் உட்கார்ந்து காசில்லாமல் செய்துகொள்ளலாம். பஜ்ஜிக் கடைக்கும் அது உண்டு. "100 சதவீதம் வேலை" என்று நோட்டீஸில் பெரிதாகப் போட்டுவிட்டு, கையெழுத்து வாங்குகிற தாளில் "வேலைவாய்ப்பு உதவி" என்று சின்னதாக மாற்றியிருப்பார்கள். போன வருடம் முடித்த 5 பேரின் போன் நம்பர் கேளுங்கள். தவணையில் கட்டலாம் என்று ஒரு பைனான்ஸ் கம்பெனித் தாளை நீட்டினால் அதில் கையெழுத்துப் போடவே வேண்டாம். பிள்ளை இரண்டாவது மாதமே நின்றுவிட்டாலும் கடன் உங்கள் பெயரில் ஓடும். இதையெல்லாம் யார் மேற்பார்வை பார்க்கிறார்கள் என்று கேட்காதீர்கள். நானும் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்படியானால் சான்றிதழே வேண்டாமா? நம் ஊரில் தொழில் செய்வதற்குச் சான்றிதழ் தேவையில்லை. 1972-ஆம் வருடச் சட்டப்படி கட்டடக்கலைஞர் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியும். இன்டீரியர் டிசைனர் என்ற பலகையை யாரும் மாட்டலாம். வீட்டுக்காரர் பார்ப்பது நீங்கள் முன்னால் முடித்த வேலையைத்தான்.

ஒரே ஒரு விதிவிலக்கு, உங்கள் தம்பி சொன்னது. வெளிநாடு என்றால் கதையே வேறு. அமீரகத்தில் பட்டம் கேட்கிற பதவிக்குப் போகிறவரின் சான்றிதழை முதலில் மாநில அரசு சரிபார்க்க வேண்டும், அப்புறம் தில்லி வெளியுறவு அமைச்சகம், அப்புறம் அந்த நாட்டுத் தூதரகம், கடைசியாக அங்கே போய் அவர்களுடைய அமைச்சகம். முதல் படியில் நிற்கிற மாநில அரசு பார்ப்பது பல்கலைக்கழகத்தையும் அரசு அங்கீகாரத்தையும். பயிற்சி மையம் தானே அச்சடித்துத் தந்த டிப்ளமோ அங்கேயே மாட்டிக்கொள்ளும். அப்போது ஒரு ஏஜென்ட் வருவார், "பல்கலைக்கழகப் பெயரிலேயே வாங்கித் தருகிறேன்" என்பார். அது போலி. பிடிபட்டால் விசா மட்டும் போகாது, வழக்கும் வரும். இன்னொருவர் "விசிட் விசாவில் போகட்டும், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பார். அதையும் நம்ப வேண்டாம். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் வீட்டுக்கு வீடு வெளிநாட்டில் ஆள் உண்டு, விசாரித்துப் பாருங்கள். ஆள் எடுக்கிற ஏஜென்ட் மத்திய அரசில் பதிவு செய்தவரா என்பதை இமைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். அப்படிப் பதிவு செய்தவரும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். தம்பி சொந்தக்காரர்தான், நல்ல எண்ணம்தான். ஆனால் அவருக்குச் சொன்னவர் யார் என்று கேளுங்கள்.

சரி, எங்கே சேர்ப்பது? வணிகவியல் பிரிவில் இயற்பியலும் கணிதமும் இல்லையென்றால் கட்டடக்கலைப் பட்டமான பி.ஆர்க். கதவு மூடிவிட்டது, அதை நினைத்து வருந்த வேண்டாம். வடிவமைப்புப் பட்டமான பி.டெஸ்.ஸுக்கான யூசீட் நுழைவுத் தேர்வை எந்தப் பிரிவு படித்தவரும் எழுதலாம். இன்டீரியர் டிசைனில் பட்டம் தருகிற கல்லூரி என்றால், எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, அது யூஜிசி பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காசு நெருக்கடி என்றால் அரசு ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில், 2 வருடம், கணிதமும் அறிவியலும் படித்த 10-ஆம் வகுப்புத் தேர்ச்சியே போதும். படம், அளவு, கட்டடம் மூன்றும் அதில் வரும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. இதை நோட்டீஸ் அடித்து வீட்டுக்கு வீடு கொடுக்க அரசுக்குத் தோன்றுவதில்லை, அதனால்தான் மற்றவர்கள் நோட்டீஸ் வீட்டுக்கு வருகிறது.

எதில் சேருவதற்கும் முன்னால் ஒரு மாதம் இருக்கிறது. 16 அடி டேப் ஒன்று வாங்கிக் கொடுங்கள். உங்கள் வீட்டு அடுப்படியை அவள் அளந்து காகிதத்தில் போடட்டும், நான்கு நாள் கழித்து அந்தக் காகிதத்தைப் பார்க்காமல் மறுபடி அளக்கட்டும். இரண்டுக்கும் 2 நூலுக்கு மேல் வித்தியாசம் வராவிட்டால் கை இருக்கிறது. அப்புறம் தெரிந்த ஆசாரி பட்டறையில் பத்து நாள் காலையில் போய் நிற்கட்டும். ஒரு நாள் பிரம்பு வேலைக்குப் பேர்போன தைக்கால் போய்ப் பிரம்பு எப்படி வளைகிறது என்று பார்த்துவிட்டு வரட்டும். மரத்தூள் பிடிக்காவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும், செலவு பஸ் காசுதான்.

கட்டிய 10,000-த்தை விடாதீர்கள். சேரவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று ரசீது நகலோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை எடுத்து வையுங்கள். 15 நாள் பாருங்கள். பதில் இல்லாவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். முழுதும் வராமல் போகலாம், பாதியாவது வரும் என்று முயலுங்கள். தம்பியிடம் மட்டும், இப்போதைக்கு விசாப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.