லித்தியம் சாப்பிடுபவர் வீட்டில் உப்பைக் குறைக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. இருமுனை மனநோய்க்காக லித்தியம் 300 மி.கி. மாத்திரை, காலையில் ஒன்றும் இரவில் இரண்டுமாக ஒன்றரை வருடமாகச் சாப்பிடுகிறான். நன்றாக இருக்கிறான், வேலைக்கும் போகிறான். அப்பாவுக்கு பிபி என்பதால் போன மாதத்திலிருந்து வீட்டுச் சமையலில் உப்பைப் பாதியாக்கிவிட்டோம். இப்போது அவனுக்குக் கை கொஞ்சம் நடுங்குகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? இவ்வளவு நன்றாக இருப்பவனுக்கு ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் இன்னும் தேவைதானா?

பதில்: தொடர்பு இருக்கலாம். இந்த வாரமே லித்தியம் லெவல், அதாவது ரத்தத்தில் லித்தியத்தின் அளவு, பார்த்துவிடுங்கள். எப்படிப் பார்ப்பது என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் உப்புக்கும் இந்த மாத்திரைக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ளுங்கள். மற்ற எச்சரிக்கைகள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

லித்தியம் ஓர் உலோகத்தின் உப்பு. சாப்பாட்டு உப்பில் உள்ள சோடியத்தின் நெருங்கிய உறவு. கல்லீரல் இதை உடைப்பதில்லை, சிறுநீரகம் மட்டுமே வெளியேற்றுகிறது. சிறுநீரகம் வடிகட்டும் லித்தியத்தில் சுமார் 80 விழுக்காடு சோடியத்தோடு சேர்ந்து மறுபடி ரத்தத்துக்கே திரும்புகிறது. உடலில் உப்போ நீரோ குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது, லித்தியத்தையும் சேர்த்தே பிடித்துவைக்கும். அதனால் அதே மூன்று மாத்திரைதான் சாப்பிட்டாலும் ரத்தத்தில் அளவு ஏறிவிடும். உப்பைத் திடீரென்று கூட்டினால் இதற்கு நேர்மாறாக அளவு இறங்கி, நோய் தலைதூக்க வழி உண்டாகும்.

இதற்கு மனிதர்கள் கொடுத்த விலை பெரிது. 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்குச் சாப்பாட்டு உப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடு விற்றார்கள். அவர்களோ ஏற்கெனவே உப்பில்லாப் பத்தியத்தில் இருந்தவர்கள். சிலர் இறந்தார்கள். 1949-இல் அது சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அதே 1949-இல்தான் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட், மேனியா என்னும் கட்டுமீறிய மனவெழுச்சியில் கொந்தளித்த பத்து நோயாளிகள் லித்தியத்தால் தணிந்ததை எழுதி வெளியிட்டார். மனநோய்க்கு உடலில் ஒரு வேதிக் காரணம் இருக்க வேண்டும் என்று நம்பி, கினிப் பன்றிகளில் யூரிக் அமிலத்தைச் சோதித்துக்கொண்டிருந்தவர் அவர். அதைக் கரைப்பதற்காகச் சேர்த்த லித்தியமே மருந்தாக அமைந்தது. ஆனால் அவருடைய முதல் நோயாளி, முதலில் அற்புதமாகத் தேறியவர், 1950-இல் லித்தியம் நஞ்சானதால் இறந்தார். மருந்து சரியானதுதான். ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் வழக்கம் அப்போது இல்லை. மெல்போர்னில் எட்வர்டு டிரவுட்னர் குழுவினர் ரத்தத்தில் லித்தியத்தை அளந்து கொடுக்கத் தொடங்கிய பிறகே இது பாதுகாப்பான மருந்தாயிற்று. உங்கள் தம்பி கொடுக்கும் ஒவ்வொரு ரத்த மாதிரியும் அந்த வழியில் வந்ததுதான். அதைச் சடங்காக நினைக்காதீர்கள்.

இனி பரிசோதனை. கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குச் சாப்பிட்டால் காலை 9 மணிக்கு. அன்று காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்: வழக்கம்போல மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போவார்கள், அளவு பொய்யாக உயர்ந்து காட்டும், அதை நம்பி டோஸைக் குறைத்தால் நோய் திரும்பும். வெறும் வயிறு தேவையில்லை. தண்ணீரைக் குறைக்கவே கூடாது. இன்னொன்று, ரத்தம் எடுக்கும் டியூபைக் கவனியுங்கள். பச்சை மூடி டியூப்களில் பெரும்பாலும் ரத்தம் உறையாமல் இருக்க லித்தியம் ஹெப்பாரின் பூசியிருக்கும். அதில் எடுத்தால் டியூபில் உள்ள லித்தியமும் கணக்கில் சேர்ந்து, நன்றாக இருப்பவருக்கும் நஞ்சேறியதுபோல முடிவு வரும். சிவப்பு அல்லது மஞ்சள் மூடியில் எடுக்கச் சொல்லுங்கள். கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

நீண்டகாலப் பாதுகாப்புக்கு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை போதும். மேனியா உச்சத்தில் இருக்கும்போது 1.0-க்குச் சற்று மேலும் வைப்பார்கள். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. 2-ஐத் தாண்டினால் உயிருக்கே மோசம், டயாலிசிஸ் வரை போக நேரலாம். வயதானவர்களுக்கு இதற்குக் குறைந்த அளவிலேயே நஞ்சு ஏறக்கூடும். டோஸையோ உணவுப் பழக்கத்தையோ மாற்றினால் அளவு நிலைபெற ஐந்து முதல் ஏழு நாள் ஆகும், அதற்குப் பிறகு பார்த்தால்தான் பொருள் உண்டு. முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், நிலைபெற்ற பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் லெவல் பார்ப்பது வழக்கம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), டி.எஸ்.எச் (தைராய்டுக்கு), கால்சியம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். லித்தியம் தைராய்டைச் சோர்வாக்கும். அப்போது வரும் மந்தத்தை டிப்ரஷன் திரும்பிவிட்டதாகத் தவறாக எண்ணுவது உண்டு.

கைநடுக்கத்தில் இரண்டு வகை. டம்ளர் பிடிக்கும்போது விரல் நுனியில் மெல்லியதாக வருவது சரியான அளவிலும் வரும். கை முழுதும் பெரிதாக உதறுவது, அதோடு வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குழறல், நடையில் தள்ளாட்டம், அரைத்தூக்கம் ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். லெவல் ரிப்போர்ட் வரட்டும் என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

வீட்டு உப்பு விஷயத்தில் என் யோசனை: அப்பாவுக்குக் குறைத்த உப்பில் தனியாக எடுத்து வைத்துவிட்டு, தம்பிக்கு முன்பு இருந்த அளவே தொடரட்டும். எல்லோருக்கும் ஒரே சமையல்தான் முடியும் என்றால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஒரே அளவில் நிலையாக வையுங்கள், ஒரு வாரம் கழித்து லெவல் பார்த்து டோஸை அவர் சரிசெய்வார். உப்பின் அளவு எவ்வளவு என்பதைவிட அது நாளுக்கு நாள் மாறாமல் இருப்பதே முக்கியம். வெயில் காலத்து வியர்வை, காய்ச்சல், பேதி, நீரருந்தா விரதம் எல்லாம் உப்பைக் குறைத்த கணக்குதான். தினமும் மூன்று நான்கு காபி குடிப்பவர் சட்டென்று நிறுத்தினாலும் லித்தியம் அளவு ஏறும்.

வலி மாத்திரையில்தான் எனக்கு அதிகக் கவலை. மருந்துக்கடையில் சும்மா வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் லித்தியத்தை ஏற்றிவிடும். பாரசிட்டமால் பரவாயில்லை. அப்பாவின் பிபி மாத்திரையைத் தம்பி மறந்தும் எடுக்கக் கூடாது: டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், எனலாப்ரில், ஹைட்ரோகுளோரோதயசைடு எல்லாமே லித்தியத்தை ஏற்றுபவை. லித்தியத்தை ஒரு வேளை போட மறந்தால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போட வேண்டாம்.

நிறுத்தலாமா என்ற கேள்விக்கு 1970-இல் டென்மார்க்கில் பால் கிறிஸ்டியன் பாஸ்ட்ரூப், மொகன்ஸ் ஷோவ் குழுவினர் பதில் தேடினார்கள். லித்தியத்தில் நன்றாக இருந்த 84 பெண்களில் 45 பேருக்கு அதையே தொடர்ந்தார்கள், 39 பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து மாதத்துக்குள் வெறும் மாத்திரை வாங்கியவர்களில் 21 பேருக்கு நோய் திரும்பியது. லித்தியம் வாங்கியவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. லித்தியம் நரம்புச் செல்லுக்குள் மெக்னீசியத்தின் இடத்தில் புகுந்து, ஜிஎஸ்கே-3 போன்ற நொதிகளைத் தடுத்து, செல்லின் சமிக்ஞைகளைச் சமன்படுத்துகிறது. மனநிலையைக் காப்பது இவற்றில் எந்த வேலை என்பது ஆய்வுலகில் இன்னும் முடிவாகவில்லை. ஆனால் மருந்து வெளியேறியதும் அந்தக் காப்பும் போய்விடும். தம்பி நன்றாக இருப்பது மருந்து வேலை செய்வதால்தான்.

குழந்தைப்பேறு, சிறுநீரகக் கோளாறு போன்ற காரணங்களால் உண்மையிலேயே நிறுத்த நேர்ந்தால், மருத்துவர் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறைப்பார். ஒரே நாளில் நிறுத்தினால் சில வாரங்களிலேயே மேனியா பாயும், தற்கொலை ஆபத்தும் கூடும். அந்த மூன்று மாதத்தில் அவன் தூங்கும் மணிக்கணக்கை நாள்தோறும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பெரும்பாலும் தூக்கம்தான் முதலில் குறையும்.