கப்பல் காசினோ கடனுக்குக் கொடுத்த செக் ரிட்டர்ன் ஆனால்…

கேள்வி: நான் கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறேன். புற்றடி ஏலத்தில் பழக்கமான கட்டப்பனை வியாபாரி ஒருவரோடு கொச்சியிலிருந்து சொகுசுக் கப்பலில் மூன்று இரவு போய் வந்தேன். அங்கே காசினோவில் ரூலெட், பிளாக்ஜாக் ஆடினேன். முதல் நாள் 40,000 ரூபாய் ஜெயித்தேன். அடுத்த நாள் அதுவும் போய், என் கார்டிலிருந்து 1,60,000 போயிற்று. அப்புறம் அந்த நண்பர் தன் அறைக் கணக்கில் 3 லட்சத்துக்குச் சிப் (மேஜையில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை) வாங்கிக் கொடுத்தார். அதையும் தோற்றேன். கடைசி ராத்திரி அவர் அறையில் உட்கார்ந்து மூன்று சீட்டு ஆடியதில் அவரிடமே 2 லட்சம் தோற்றேன். ஊருக்கு வந்ததும் 5 லட்சத்துக்குத் தேதி போடாமல் ஒரு செக் கொடுத்தேன். அது பணமில்லை என்று திரும்பிவிட்டது. இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அதில், நான் குடும்பச் செலவுக்காக அவர் கடையில் வந்து 5 லட்சம் ரொக்கமாக வாங்கியதாக எழுதியிருக்கிறது. சூதாட்டக் கடன் செல்லாது, நோட்டீஸைக் கண்டுகொள்ளாதே என்கிறார் ஒருவர். செக் தொலைந்துவிட்டதாகப் போலீஸில் எழுதிக் கொடு என்கிறார் இன்னொருவர். 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கக் கடன் என்றாலே கேஸ் நிற்காது என்று குமுளியில் சொல்கிறார்கள். கப்பல் இந்தியக் கடலிலேயே இல்லையே, நம் ஊர்ச் சட்டம் எப்படி வரும்? கேரளத்தில் கேஸ் போட்டால் நான் அங்கே அலைய வேண்டுமா? மனைவிக்கு இன்னும் தெரியாது. தூக்கம் போய்விட்டது.

பதில்: முதலில் நாளை எண்ணுங்கள். நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள். அதற்குள் பணம் போகாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆவது பிரிவில் குற்ற வழக்குப் போடலாம். தீர்ப்பு பாதகமானால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே கண்டுகொள்ளாமல் இருப்பது என்ற யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். நோட்டீஸுக்குப் பதில் போடாதவர் பிறகு நீதிமன்றத்தில் என்ன சொன்னாலும், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திணறியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சூதாட்டக் கடன் செல்லாது என்று உங்களிடம் ஒருவர் சொன்னதில் பாதிதான் உண்மை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 30 சொல்வது இது: பந்தயமாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் செல்லாது, பந்தயத்தில் ஜெயித்ததைக் கேட்டு யாரும் வழக்குப் போட முடியாது. உங்கள் 5 லட்சம் ஒரே கடன் அல்ல, இரண்டு வேறு கணக்கு. அறையில் மூன்று சீட்டில் அவரிடம் தோற்ற 2 லட்சம் அப்பட்டமான பந்தயம். அந்த ஆட்டத்தில் திறமைக்கு இடம் உண்டு என்றும் அவர் வாதாட முடியாது. ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன ஆந்திர அரசு – சத்தியநாராயணா வழக்கில், ரம்மி மூன்று சீட்டைப் போல முழுக்க அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டமல்ல என்றே பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். எனவே அந்த 2 லட்சம் சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடன் அல்ல. 138-ஆவது பிரிவின் விளக்கமே, செக் சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடனுக்கோ பொறுப்புக்கோ கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது.

சிப் வாங்கிக் கொடுத்த 3 லட்சம் அப்படியல்ல. அதில் அவர் உங்களோடு பந்தயம் கட்டவில்லை. நீங்கள் ஆடுவதற்குக் கடன் கொடுத்தார், அவ்வளவுதான். நீங்கள் ஜெயித்திருந்தாலும் அவருக்குத் திரும்பி வர வேண்டியது அதே 3 லட்சம்தான். கெருலால் பாரக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1959-லேயே, பந்தய ஒப்பந்தம் செல்லாதே தவிர அது சட்டவிரோதம் அல்ல, அதை ஒட்டிய மற்ற ஒப்பந்தங்கள் அதனாலேயே கெட்டுப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. சூதாட என்று தெரிந்தே கொடுத்த கடன் பொது நலனுக்கு எதிரானது என்று வாதாடுவோர் உண்டு. அந்த ஆட்டம் நடந்த இடத்தில் அதுவே குற்றமாக இருந்திருந்தால் அந்த வாதத்துக்கு பலம் இருந்திருக்கும். காசினோவை அனுமதிக்கும் நாட்டின் கொடியோடு, நம் கடல் எல்லைக்கு வெளியே போன கப்பலில் அந்த வாதத்தை நம்பி நான் ஒரு கட்சிக்காரரைக் கூண்டில் ஏற்ற மாட்டேன். அந்த 3 லட்சம் நீங்கள் கொடுக்க வேண்டிய பணம். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நாளைக்கும் புற்றடியில் அதே மனிதர்கள் முகத்தில்தான் விழிக்கப் போகிறீர்கள்.

கடல் எல்லையைப் பற்றிக் கேட்டீர்கள். கரையோர அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை இந்தியாவின் கடல் எல்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி வரையறுக்கிறது. இதனால்தான் இப்படிப்பட்ட கப்பல்களில் கரை கண்ணுக்கு மறைந்த பிறகு காசினோவைத் திறக்கிறார்கள், துறைமுகத்தை நெருங்கும்போது மூடுகிறார்கள். கோவாவில் நிலைமை வேறு. 1976-ஆம் ஆண்டின் கோவா பொதுச் சூதாட்டச் சட்டமே கப்பலில் மேஜை ஆட்டங்களுக்கு உரிமம் கொடுக்க வழி செய்திருக்கிறது, அதனால் அங்கே ஆற்றிலேயே நிறுத்தி வைத்து நடத்துகிறார்கள். தமிழ்நாட்டின் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் கேரளத்தின் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் கை எட்டுவது அந்தந்த மாநில எல்லை வரைதான். ஆகவே காசினோவில் ஆடியதற்காகப் போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் செக்குக்கும் கடலுக்கும் சம்பந்தம் இல்லை. செக்கை நீங்கள் கரையில் எழுதினீர்கள், இந்திய வங்கியில் போட்டார், இந்திய வங்கியில் திரும்பியது. கப்பல் எந்தக் கடலில் மிதந்தது என்று மாஜிஸ்திரேட் கேட்கப் போவதில்லை.

காசினோவிடம் தோற்ற 1,60,000 திரும்ப வருமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடைசி நாளில் மட்டும் டீலர் ஏதோ செய்துவிட்டதாகக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருந்தீர்கள். யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை. ரூலெட் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், கூடவே ஒரு பூஜ்யம், ஆக 37 கட்டம். ஒற்றை எண்ணில் வைத்து ஜெயித்தால் 35 மடங்குதான் கொடுக்கிறார்கள். அந்த ஒரு கட்டத்தால் 100 ரூபாய்க்கு 2.70 ரூபாய் சராசரியாக மேஜைக்குப் போகிறது. இரட்டைப் பூஜ்யமும் இருக்கிற சக்கரமென்றால் 5.26 ரூபாய். இது ஒரு சுற்றுக்குக் கணக்கு. தோற்றதைப் பிடிக்க வேண்டும் என்று விடிய விடிய வைத்துக்கொண்டே இருந்தால் அதே 100 ரூபாய் திரும்பத் திரும்ப அந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறது. கடலுக்கு நடுவில், இறங்கிப் போக வேறு இடமில்லாமல், அறைச் சாவியாக இருக்கும் அட்டையையே நீட்டிச் சிப் வாங்கும்போது பணம் போவது கண்ணுக்கே தெரியாது. அந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனாலும் சட்டத்தில் அந்தப் பணத்துக்கு வழி இல்லை, கார்டு பில்லைக் கட்டித்தான் ஆக வேண்டும். முதல் நாள் ஜெயித்த 40,000-க்கு 30 சதவீத வருமான வரி உண்டு என்பதும், மறுநாள் தோற்றதை அதில் கழித்துக்கொள்ள முடியாது என்பதும் உங்கள் ஆடிட்டருக்குத் தெரியும். அவரிடம் மறைக்காதீர்கள்.

செக் தொலைந்துவிட்டதாகப் போலீஸில் எழுதிக் கொடுப்பது மிக மோசமான யோசனை. கையெழுத்து உங்களுடையது, கொடுத்தது நீங்கள். பொய்ப் புகார் என்று தெரிந்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 217, 248 பிரிவுகள் உங்கள் மேல் திரும்பும். பணத் தகராறாக இருப்பது, நீங்கள் பொய் சொன்ன வழக்காக மாறிவிடும். தேதி போடாமல் கொடுத்தேன் என்பதும் உங்களைக் காப்பாற்றாது. மனமறிந்து கையெழுத்திட்டுக் கொடுத்த செக்கில் மற்ற விவரங்களை வாங்கியவர் நிரப்பினாலும் சட்டத்தின் அனுமானம் அவர் பக்கமே என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

குமுளியில் கேட்ட 20,000 ரூபாய் சங்கதிக்கு ஒரு காரணம் இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தை மீறி 20,000-க்கு மேல் ரொக்கமாகக் கடன் கொடுத்தால் செக் வழக்கு நிற்காது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025-ல் ஒரு தீர்ப்பு சொன்னது உண்மைதான். எல்லை முழுக்க அந்தப் பேச்சு பரவியது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தைத் தள்ளிவிட்டது. வருமான வரிச் சட்டத்தை மீறினால் அதற்குரிய அபராதம் தனி, கடன் செல்லாமல் போகாது என்பதே இன்றைய நிலை. பழைய பேச்சை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

சரி, உங்கள் பக்கம் என்ன பலம்? இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. நீங்கள் அனுப்பிய நோட்டீஸ் நகலைப் படித்தேன். 5 லட்சம் ரொக்கத்தைக் கட்டப்பனைக் கடையில் வைத்துக் கொடுத்ததாக ஒரு தேதி குறிப்பிட்டிருக்கிறார்கள். அது நீங்கள் இருவரும் கப்பலில் இருந்த இரண்டாவது நாள். கப்பல் டிக்கெட், ஏறுவதற்குக் கொடுத்த அட்டை, இறங்கும்போது கையில் கொடுத்த அறைக் கணக்கு எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். ஊர் திரும்பியதும் அவர் வாட்ஸ்அப்பில் ‘சிப் 3, ரூம்ல 2, மொத்தம் 5, ஓகேயா’ என்று அனுப்பியதாகச் சொல்கிறீர்கள். வீட்டில் பார்த்துவிடுவார்கள் என்று அதை அழிக்க நினைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். உங்கள் கேஸே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அந்த போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

செக்கில் கையெழுத்து இருந்தாலே கடன் இருந்தது என்றுதான் நீதிமன்றம் தொடங்கும். 2010-ல் ரங்கப்பா வழக்கில் அது தெளிவாகிவிட்டது. ஆனால் நீங்கள் அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் உடைக்க வேண்டியதில்லை, உங்கள் பக்கம்தான் நம்பக்கூடியது என்று தோன்றும் அளவுக்குக் காட்டினால் போதும். தவிர, செக் வங்கிக்குப் போகும் நாளில் அதில் எழுதிய தொகை முழுதும் சட்டப்படியான கடனாக இருக்க வேண்டும் என்ற கருத்தில் 2022-ல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. அந்த வழக்கில் கடனில் ஒரு பகுதியை முன்பே கட்டியிருந்தார்கள். உங்கள் செக்கில் 2 லட்சம் பந்தயப் பணம் கலந்திருப்பதால் அதே வாதத்தை நாமும் வைக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் நீதிபதி கையில்.

வழக்கு வந்தால் கட்டப்பனைப் பக்கம்தான் வரும். 2015 திருத்தத்துக்குப் பிறகு, செக்கை வாங்கியவர் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளை இருக்கும் இடத்து நீதிமன்றத்துக்கே அதிகாரம். உத்தமபாளையத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்டுப் பயனில்லை. கம்பம்மெட்டு வழியாக ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலையேற வேண்டுமா என்றால், நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்கலாம், புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா 228-ஆவது பிரிவில் இடம் உண்டு. மொழிக்குப் பயப்படாதீர்கள். சாட்சி சொல்வதை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டியது நீதிமன்றத்தின் கடமை. ஆனால் ‘கட்டப்பனைக்கு வா, முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளலாம்’ என்று அவர் தரப்பில் கூப்பிடுவதற்குப் போகாதீர்கள். மலையாளத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாமல் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால், இப்போது உங்களுக்குச் சாதகமாக இருக்கும் கதை முழுதும் கைமாறிவிடும்.

மனைவியிடம் இன்றைக்கே சொல்லுங்கள். வழக்கானால் சம்மன் வீட்டுக்குத்தான் வரும், தபால்காரரிடமிருந்து அவர் தெரிந்துகொள்வது நல்லதல்ல. 3 லட்சத்தை எங்கிருந்து புரட்டுவது என்பதும் இருவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது. ஊருக்கு வந்த பிறகும் ஆடத் தோன்றுகிறது, போனில் தேடிப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. 15 நாளுக்குள் வக்கீல் மூலம் உண்மையை உள்ளபடி எழுதிப் பதில் அனுப்புவேன்: கடையில் ரொக்கம் வாங்கவில்லை, சிப்பாக 3 லட்சம் கடன் வாங்கியது உண்மை, அதைத் தருகிறேன், 2 லட்சம் சீட்டாட்டப் பந்தயம், அது செல்லாது. பதிலோடு நிறுத்தாமல் அந்த 3 லட்சத்தை அதே கெடுவுக்குள் அவர் வங்கிக் கணக்குக்கே அனுப்பிவிடுவேன். ரொக்கமாக ஒரு ரூபாயும் கையில் கொடுக்க மாட்டேன். அப்படியும் அவர் வழக்குப் போட்டால், பந்தயப் பணத்துக்காக மட்டும் போட்ட வழக்காக அது நிற்கும். அப்போது சமரசம் பேசவும் உங்களுக்கு இடம் கிடைக்கும். உங்கள் தரப்புச் சாட்சியம் பதிவாவதற்கு முன் செக் தொகையைக் கொடுத்து முடித்துக்கொண்டால் கூடுதல் செலவுத் தொகை விதிக்காமலே சமரசத்தை ஏற்கலாம் என்று 2025 செப்டம்பர் தீர்ப்பிலேயே இருக்கிறது. வழக்கு நடக்கும்போது செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்லவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு என்பதால், அந்தத் தொகையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது நோட்டீஸ் வந்த தபால் உறையையும் எடுத்துக்கொண்டு போங்கள். 15 நாள் எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்று காட்டும் தபால் முத்திரை அதில்தான் இருக்கிறது.