பொப் இட் வைத்துப் பிள்ளைக்கு எண் படிப்பிக்கலாமா?

கேட்டவர் தன் நாலரை வயது மகனைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒன்றிலிருந்து முப்பது வரை கடகடவென்று சொல்கிறானாம், ஆனால் தட்டில் இருக்கிற பிஸ்கட்டை எண்ணச் சொன்னால் தடுமாறுகிறானாம். அடுத்த வருடம் தரம் 1. வீட்டில் இரண்டு மூன்று பொப் இட் (குமிழ்களை விரலால் அழுத்தி விளையாடும் சிலிக்கோன் தட்டு) சும்மா கிடக்கின்றன, அவற்றை வைத்து ஏதாவது செய்யலாமா என்று கேட்கிறார்.

தாராளமாகச் செய்யலாம். நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு முன்பள்ளியில் 11 வருடமாகப் படிப்பிக்கிறேன். என் பெறாமகனுக்கும் (அக்காவின் மகன்) போன வருடம் இதே சிக்கல்தான் இருந்தது. அவனோடு உட்கார்ந்து பார்த்ததைத்தான் இங்கே பெரும்பாலும் எழுதுகிறேன்.

முப்பது வரை சொல்வது வேறு, எண்ணுவது வேறு. முதலாவது ஒரு பாட்டு மாதிரி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிள்ளைகளை நூறு வரை பாடமாக்க வைத்தேன். பெற்றோருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். ஒரு நாள், நூறு வரை பிசகாமல் சொல்லும் ஒரு சிறுமியிடம் "அஞ்சு புளியங்கொட்டை எடுத்துத் தாங்க மகள்" என்றேன். கை நிறைய அள்ளி என் மடியில் கொட்டிவிட்டு, சரிதானே என்று என் முகத்தைப் பார்த்தாள். பிழை அவளில் இல்லை. ஐந்து என்றால் எவ்வளவு என்பதை நான் அவளுக்குக் காட்டியிருக்கவே இல்லை.

பிறகுதான் இதைப் பற்றித் தேடி வாசித்தேன். கரன் வின் என்ற உளவியலாளர் இதே "இத்தனை எடுத்துத் தா" என்ற சோதனையைச் சின்னப் பிள்ளைகளிடம் செய்து 1990இல் எழுதியிருக்கிறார். பிள்ளைக்கு முதலில் ஒன்று பிடிபடும். சில மாதம் கழித்து இரண்டு, இன்னும் சில மாதம் கழித்து மூன்று. அதற்கு மேல் கேட்டால் ஒரு பிடி அள்ளித் தருவார்கள், அந்தச் சிறுமி தந்தது போலவே. பிறகு ஒரு கட்டத்தில், எண்ணுவது எதற்காக என்பது விளங்கியதும் மற்ற எண்கள் சேர்ந்தே வந்துவிடும். ஆகவே உங்கள் மகனை "கணக்கு வராத பிள்ளை" என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். அவன் வழியில் நிற்கிறான், அவ்வளவுதான்.

எண்ணுவதற்கு என்னென்ன விளங்கியிருக்க வேண்டும் என்று கெல்மன், கலிஸ்டல் என்ற இருவர் 1978இல் ஐந்து விதிகளாகப் பிரித்தார்கள். இங்கே நமக்கு வேண்டியவை மூன்று. ஒரு பொருளுக்கு ஒரு எண். எண்களின் வரிசை எப்போதும் மாறாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். வரிசை மாறக்கூடாது என்பது எனக்கு அம்மப்பாவால்தான் நன்றாக விளங்கியது. அவர் மரைக்காலால் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லவே மாட்டார். "லாபம், ரெண்டு, மூண்டு" என்றுதான் தொடங்குவார். ஒன்றின் இடத்தில் வேறு சொல் இருந்தாலும் அது எப்போதும் அதே இடத்தில் இருந்தபடியால் கணக்கு ஒரு நாளும் பிசகவில்லை.

சரி, பொப் இட்டுக்கு வருவோம். புளியங்கொட்டை, சோகி, பட்டன் எல்லாம் எண்ணுவதற்கு நல்லவைதான். ஆனால் தொடக்கத்தில் ஒரு தொல்லை உண்டு. எண்ணியது எது, எண்ணாதது எது என்று கொட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிள்ளை ஒன்றையே இரண்டு தரம் எண்ணும், இன்னொன்றை விட்டுவிட்டுப் போகும். பொப் இட்டில் அழுத்திய குமிழ் பள்ளமாகிவிடும், அழுத்தாதது மேடாகவே நிற்கும். விரலுக்கும் கண்ணுக்கும் அது தெரியும், "டப்" என்று காதுக்கும் கேட்கும். முக்கியமாக, ஓடுகிற வாயை அது பிடித்து நிறுத்தும்.

முதல் நாள் மாலை நானும் பெறாமகனும் வாசற்படியில் இருந்தோம். விரல் நாலாவது குமிழில் இருக்க, வாய் ஏழுக்குப் போய்விட்டது. "பொறு மனே, சத்தம் கேட்ட பிறகுதான் எண்" என்றேன். டப், ஒண்டு. டப், ரெண்டு. ஐந்து வரைக்கும் அழகாக வந்தான். "இப்ப எத்தினை அமத்தியிருக்காய்?" என்று கேட்டேன். உடனே முதல் குமிழில் விரலை வைத்துத் திரும்பவும் "ஒண்டு, ரெண்டு" என்று தொடங்கினான். "எத்தனை" என்று கேட்டால் எண்ணிக் காட்ட வேண்டும் என்றுதான் அவன் விளங்கி வைத்திருந்தான். கடைசி எண்ணே பதில் என்பது அவனுக்குத் தெரியாது. அன்றிலிருந்து எண்ணி முடித்ததும் என் உள்ளங்கையை அழுத்திய குமிழ்கள் எல்லாவற்றின் மேலும் விரித்து வைத்து "எல்லாமா அஞ்சு" என்று ஒரு தரம் சொல்வேன். அவனும் தன் கையை வைத்துச் சொல்வான். இரண்டு கிழமை போனது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. ஒரு நாள் நான் கேட்க முதலே கையை விரித்து "அஞ்சு" என்றான்.

அதன் பிறகு ஒன்று செய்தோம், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பொப் இட்டைப் பிரட்டினால் இந்தப் பக்கம் பள்ளமானவை அந்தப் பக்கம் மேடாக நிற்கும். "மற்றப் பக்கம் எத்தினை முட்டை நிக்கும்?" என்று கேட்டேன். முதலில் வாய்க்கு வந்ததைச் சொன்னான், பிரட்டினான், எண்ணினான். ஒவ்வொரு நாளும் இதே கேள்விதான். நாலைந்து நாள் கழித்து "அஞ்சுதான்" என்றான். பிரட்டிக் காட்டவா என்று கேட்டேன். தேவையில்லை என்று தலையை ஆட்டினான். பக்கம் மாறினாலும், பள்ளம் மேடானாலும் எண்ணிக்கை மாறாது என்பதை நான் வாயால் சொல்லி அவனுக்கு விளங்கப்படுத்தியிருக்க முடியாது.

காத்தான்குடியில் வாங்கிய சதுரப் பொப் இட்டில் வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை இருந்தது. பத்தைக் காட்டுவதற்கு ஆறு தோதில்லை. கத்தரிக்கோலால் வெட்டினேன், சிலிக்கோன் இலகுவாக வெட்டுப்படும். வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசை உள்ள துண்டுகள் மூன்று கிடைத்தன. மிச்சம் ஆறு குமிழ் உள்ள ஒரு நீளத் துண்டு. ஒவ்வொரு துண்டிலும் பத்துக் குமிழ், மேல் வரிசை ஐந்து, கீழ் வரிசை ஐந்து. ஏழை அழுத்தினால் மேல் வரிசை முழுதும் போய்க் கீழே இரண்டு போகும், மூன்று மிச்சம் நிற்கும். ஏழும் மூன்றும் பத்து என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை, கண் முன்னே இருக்கிறது. பிரட்டினால் ஏழு நிற்கும், மூன்று பள்ளம்.

பத்துக்கு மேலே போகும்போது தமிழ் நமக்குப் பெரிய உதவி. பதின்மூன்று என்றால் ஒரு துண்டு முழுதும், அடுத்த துண்டில் மூன்றும். இருபது இரண்டு துண்டு, முப்பது மூன்று துண்டு. சொல்லுக்குள்ளேயே பத்து இருக்கிறது. சீன மொழியிலும் பதினொன்றைப் பத்து ஒன்று என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் தனிச் சொற்கள், உள்ளே பத்து இருப்பது பிள்ளையின் காதில் விழாது. "இங்கிலிஷில எண்ணப் பழக்குங்க ரீச்சர்" என்று கேட்கும் பெற்றோரிடம் நான் இதைத்தான் சொல்வேன், முதலில் தமிழில் எண்ணட்டும். ஒன்பதும் தொண்ணூறும் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அவற்றைத் தனியாகப் பழக்க வேண்டும்.

எண்ணை எழுதப் பழக்குவதற்குப் பொப் இட் சரிவராது. அதற்கு நம்மிடம் பச்சரிசி இருக்கிறது. ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவோமே, அதே தாம்பாளத்தில் 2, 3, 5 எழுதட்டும். கல்லடிக் கடற்கரைக்குப் போனால் ஈர மணல் இன்னும் நல்லது. இழுபடும் றப்பர் கயிறு மாதிரி விளையாட்டுச் சாமான்களை வளைத்து எண் வடிவம் செய்யலாம். சுழலும் ஸ்பின்னரால் எண்ணப் பழக்குவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, பிள்ளையின் கவனம் சுற்றுவதிலேயே போய்விடும்.

இரண்டு விடயத்தில் கவனம் வேண்டும். தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருக்கும் நிற மணிகளைத் தயவுசெய்து எண்ணுவதற்குக் கொடுக்காதீர்கள். விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஊதி அடைத்துக்கொள்ளும், உயிராபத்து. மற்றது, சில பிள்ளைகளுக்குப் பொப் இட் விளையாட்டு இல்லை, மனதை ஆற்றிக்கொள்ளும் வழி. என் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தார். சத்தம் கூடினால் பொப் இட்டை எடுத்துக்கொண்டு மூலையில் போய் இருப்பார். அந்த நேரத்தில் போய் "எத்தனை?" என்று கேட்பது அவருடைய ஆறுதலைப் பறிப்பது. உங்கள் மகனும் அப்படியென்றால் ஆறுதலுக்கு ஒன்று, எண்ணுவதற்கு வேறு நிறத்தில் இன்னொன்று என்று பிரித்து வையுங்கள்.

பொப் இட்டில் ஐந்து வந்துவிட்டது என்று நின்றுவிடவும் கூடாது. அதன் பிறகு புளியங்கொட்டையில், படிக்கட்டில், "நாலு பேருக்கு நாலு கோப்பை எடுத்து வா" என்று அடுப்படியில் கேளுங்கள். அங்கேயும் வந்தால்தான் அவனுக்கு எண் வந்தது.

பொப் இட்டை 1975இல் உருவாக்கியவர்கள் தியோ கோஸ்டர், ஓரா கோஸ்டர் என்ற தம்பதி. பல வருடம் கழித்துக் கடைக்கு வந்தபோது இருவர் ஆடும் ஆட்டமாக வந்தது, கடைசிக் குமிழை அழுத்துகிறவர் தோற்பார். 2021இல்தான் உலகம் முழுக்கப் பிள்ளைகள் கையில் சும்மா அழுத்தும் சாமானாகப் பரவியது. நான் பழைய ஆட்டத்தைச் சுருக்கி வைத்திருக்கிறேன். பத்துக் குமிழ், ஆளுக்கு ஒரு முறையில் ஒன்றோ இரண்டோ அழுத்தலாம், கடைசியை அழுத்துகிறவர் தோல்வி. எதிராளிக்கு நாலு மிச்சம் வைத்தால் அவர் ஒன்றை அழுத்தினாலும் இரண்டை அழுத்தினாலும் தோற்கத்தான் வேண்டும், அவர் ஒன்றை அழுத்தினால் நீங்கள் இரண்டு, அவர் இரண்டை அழுத்தினால் நீங்கள் ஒன்று என்று அழுத்திக் கடைசி ஒன்றை அவருக்கு விட்டுவிடலாம். ஏழும் பத்தும் அப்படியே. ஆகவே பத்தில் முதலில் தொடங்குகிறவருக்குத்தான் கஷ்டம். இதை நான் பெறாமகனுக்குச் சொல்லவில்லை. மூன்று மாதம் தோற்றும் வென்றும் ஆடினான். போன கிழமை என் முறையில் ஐந்து நின்றது, ஒன்றை அழுத்தினேன். மிச்சத்தைப் பார்த்தான், விரலை எடுத்தான், "நாலு எனக்கு வேணாம் சின்னம்மா, நீங்க அமத்துங்க" என்றான்.